குளிர்கடல் பாறைக்குட்டைகளில் வண்ணக் கடல் நத்தைகளைப் படமெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலிஃபோர்னியாவின் நடு, வட கரையோரப் பாறைக்குட்டைகளில் நத்தைப் படம் எடுக்கத் தொடங்குபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இருக்கின்றன. எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால். ஓரிகன், வாஷிங்டன் கரைகளுக்கும் பெரும்பாலானவை பொருந்தும். பொருந்தாத இடத்தில் அதைச் சொல்லியிருக்கிறோம்.

நத்தைன்னா ஓடு இருக்கணுமே? இது கடல் அட்டைதானே?

இல்லை. கடல் அட்டை நட்சத்திர மீனுக்கு உறவு. இது நத்தை இனம்தான். முட்டையிலிருந்து வந்து நீரில் மிதக்கும் பருவத்தில் இதற்கும் குட்டி ஓடு உண்டு, உருமாறும்போது உதிர்ந்துவிடும். நுடிபிராங்க் என்று அழைக்கப்படும் இவற்றில் படமெடுப்பவர் முதலில் பிரித்தறிய வேண்டியது இரண்டு வகை. டோரிட் தட்டையாக, நீள்வட்டமாக இருக்கும். தலைப்பக்கம் இரண்டு உணர்கொம்புகள், பின்பக்கம் பூப்போல விரிந்த செவுள் வட்டம். ஏயோலிட் ஒல்லியாக இருக்கும், முதுகு முழுக்க விரல் விரலாகச் செராட்டா நிமிர்ந்து நிற்கும். கீழே இந்த இரண்டு பெயர்களும் அடிக்கடி வரும்.

எந்த மாசம், எத்தனை மணிக்குப் போகணும்?

மாதத்தை விட வற்றத்தின் (கடல்நீர் இறங்கி நிற்கும் தாழ்நிலையின்) அளவு முக்கியம். அமெரிக்க ஓத (கடல்நீர் ஏற்ற இறக்க) அட்டவணையில் பூஜ்யம் என்பது, ஒவ்வொரு நாளும் வரும் இரண்டு வற்றங்களில் தாழ்ந்ததன் சராசரி. அதற்கும் கீழே இறங்கும் நாளுக்கு முன்னால் மைனஸ் குறி இருக்கும். மைனஸ் 1 அடி அல்லது அதற்குக் கீழே இருந்தால் புறப்படுங்கள். மைனஸ் 0.3 அடி மாதிரி நாட்களில் நண்டும் கடல் அனிமோனும் கிடைக்கும், நத்தைக்கு அது போதாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாட்களில்தான் பெரிய வற்றம் வரும். ஒரு நாள் தவறினால் அடுத்த நாள் சுமார் 50 நிமிடம் தள்ளி வரும்.

நடு கலிஃபோர்னியாவில் வசந்தம், கோடையின் பெரிய வற்றங்கள் விடிகாலையில் விழும். பிந்திய இலையுதிர் காலம், குளிர்காலத்தில் பிற்பகலில் விழும். ஆண்டின் மிகத் தாழ்ந்த வற்றங்கள் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியை ஒட்டியும் மே முதல் ஜூலை வரையும் வருகின்றன. வாஷிங்டனில் பியூஜெட் சவுண்டின் உள்பகுதியில் கணக்கே வேறு. கோடை வற்றம் அங்கே நடுப்பகலை ஒட்டி வரும், குளிர்கால வற்றம் இரவில் வரும். எங்கே போகிறீர்களோ அதற்கு அருகிலுள்ள நிலையத்தின் அட்டவணையைப் பாருங்கள். சான் பிரான்சிஸ்கோ நேரத்தை வைத்துக்கொண்டு வேறு கரைக்குப் போய் ஏமாறுபவர்கள் நிறைய.

வற்ற நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே பாறையில் இருங்கள். இறங்கும் நீரைப் பின்தொடர்ந்து தேடினால், வற்றம் அடிமட்டத்துக்கு வரும்போது கேமரா நல்ல குட்டையில் இருக்கும்.

நல்ல இடம் ஒண்ணு ரெண்டு சொல்லுங்க

மாஸ் பீச்சில் ஃபிட்ஸ்ஜெரால்ட் கடல் காப்பகம், ஹாஃப் மூன் பேயில் பில்லர் பாயிண்ட், பொலினாஸில் அகேட் பீச்சிலிருந்து இறங்கும் டக்ஸ்பரி பாறைத்திட்டு, பசிபிக் குரோவில் அசிலோமார். ஓரிகனில் யக்கினா ஹெட். புதிதாகத் தொடங்குபவருக்குப் பில்லர் பாயிண்ட் நல்லது. காப்பகப் பகுதிகளில் எதையும் எடுக்கக் கூடாது, சிப்பி ஓடு, கல் உட்பட. நாயைக் கூட்டிச் செல்ல அனுமதி உண்டா என்பதை நுழைவுப் பலகையில் பாருங்கள். பல இடங்களில் கிடையாது.

ரெண்டு மணி நேரம் தேடினேன், ஒண்ணுகூட கண்ல படல. எங்கதான் ஒளிஞ்சிருக்கு?

நத்தையைத் தேடாதீர்கள், அதன் சாப்பாட்டைத் தேடுங்கள். பெரும்பாலான நுடிபிராங்குகள் தின்பதில் கறாரானவை. ஒரு சில இரைகளை மட்டும் தின்று, பெரும்பாலும் அவற்றின் மேலேயே வாழும், அங்கேயே முட்டையிடும். இரையைக் கண்டுபிடித்துவிட்டால் தேட வேண்டிய பரப்பு ஒரு பெரிய பாறைத்திட்டிலிருந்து கையளவு இடமாகச் சுருங்கிவிடும்.

சில உதாரணங்கள். அடர் இளஞ்சிவப்பில் கூந்தல் போல நிற்கும் ஹாப்கின்ஸ் ரோஸ், அதே நிறத்தில் பாறையில் மேலோடு போலப் படர்ந்திருக்கும் ஒரு பிரையோசோவாவை (கூட்டமாக ஒட்டி வாழும் நுண்ணிய விலங்கு) தின்கிறது. பாறைத் திண்ணைகளின் அடிப்பக்கத்தில் ரோஜா நிறத் திட்டு தெரிந்தால் அங்கே குனியுங்கள். ரோஸ்டாங்கா என்ற செந்நிற டோரிட், மெல்லிய சிவப்புக் கடற்பஞ்சின் மேல் இருக்கும். ஒன்றரை செ.மீ. நீளமுள்ள அது பஞ்சின் நிறத்தோடு அப்படியே கரைந்துவிடும், கண்ணில் முதலில் படுவது பெரும்பாலும் அதன் சிவப்பு முட்டைச்சுருள்தான். மஞ்சள் நிறக் கடல் எலுமிச்சைகள் பஞ்சு படர்ந்த இடங்களில். ஊதாநிற ஹாலிக்ளோனா பஞ்சுக்குப் பக்கத்தில் வளையப் புள்ளி போட்ட டயாலுலா. நெருக்கமாகக் கூட்டம் கட்டி நிற்கும் சிறு அனிமோன்களின் நடுவே சாம்பல் நிறத்தில் மயிரடர்ந்த ஏயோலிடியா. கெல்ப் என்ற பெரிய கடற்பாசியின் இலையில் வெள்ளைச் சரிகை போலப் படர்ந்த பிரையோசோவாவை உற்றுப் பார்த்தால், அந்தச் சரிகையின் கோடுகளையே முதுகில் வரைந்துகொண்ட கொராம்பி இருக்கலாம். ஒரு செ.மீ. கூட வராது. பார்த்துக்கொண்டே கடந்துவிடுவீர்கள்.

வேகமும் காரணம். பத்து குட்டைகளை எட்டிப் பார்ப்பதை விட ஒரு குட்டையின் ஓரத்தில் மண்டியிட்டு ஐந்து நிமிடம் அசையாமல் இருப்பது பலன் தரும். கண் பழகிய பிறகு ஒன்று தெரியும், பிறகு அதே இடத்தில் நான்கு தெரியும். நீருக்கு வெளியே மாட்டிக்கொண்ட டோரிட் மென்று துப்பிய சூயிங்கம் மாதிரி இருக்கும். அதையும் விடாமல் பாருங்கள்.

அலை அடிச்சு இழுத்துட்டுப் போயிடும்னு பயமா இருக்கு. எதைப் பார்த்து முடிவு பண்றது?

பயம் நியாயமானது. ஓத அட்டவணை மட்டும் போதாது, அலை முன்னறிவிப்பையும் பாருங்கள். அலை உயரம் 4 முதல் 5 அடிக்கு மேல் இருந்தால் வெளிப்பாறைக்குப் போக வேண்டாம். அலைகளுக்கு இடையிலான நேரம் நீளமாக இருக்கும் நாட்களில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். பத்து, பதினைந்து நிமிடம் அமைதியாக இருந்துவிட்டுத் திடீரென ஒரு பெரிய அலைக்கூட்டம் ஏறிவருவது அத்தகைய நாட்களில்தான். வந்ததும் குட்டைக்குள் இறங்காமல் 15 நிமிடம் கரையில் நின்று கடலைப் பாருங்கள்.

கடலுக்கு முதுகு காட்டிக் குனியாதீர்கள். படமெடுக்கும்போது இது எளிதல்ல, அதனால் கூட வந்தவர் கடலைப் பார்க்க நிற்கட்டும். வற்றம் முடிந்து அரை மணி நேரத்தில் திரும்பத் தொடங்குங்கள். திரும்பும் வழியில் கால்வாய் மாதிரிப் பள்ளம் இருந்தால் அது முதலில் நிரம்பும், நீங்கள் நிற்கும் திட்டு தீவாகிவிடும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தோட்ட வேலைக்கு விற்கும் முழங்கால் மெத்தை, இரண்டும் அவசியம். பச்சைப் பாசியும் பழுப்புப் பாசியும் வழுக்கும். கொரகொரப்பான வெறும் பாறை தெரியும் இடத்தில் கால் வையுங்கள், அதில் உயிரினம் ஒட்டியிருந்தால் அங்கேயும் வேண்டாம்.

போன் கேமரா போதாதா?

5 செ.மீ. கடல் எலுமிச்சைக்குப் போதும். 12 மி.மீ. ரோஸ்டாங்காவுக்குப் போதாது. இப்போதைய பல போன்களின் மேக்ரோ, அகலக்கோண லென்ஸை வைத்து 2, 3 செ.மீ. நெருக்கத்தில் எடுப்பது. நீருக்கு மேலிருந்து எடுத்தால் போனின் நிழலே நத்தை மேல் விழும். நீருக்குள் விட்டால் தொடுதிரை வேலை செய்யாது, ஒலி பட்டனால்தான் கிளிக் செய்ய வேண்டும். நீர்புகாத் தரச்சான்று நன்னீரில் சோதித்தது, உப்புநீருக்கு அது உத்தரவாதம் ஆகாது. நீர்புகா உறை போட்டுப் பயன்படுத்தலாம், ஆனால் உறையின் பிளாஸ்டிக் கூர்மையைத் தின்றுவிடும். முதல் சில முறை போன் போதும். ஆர்வம் நிலைத்தால் அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

எல்லாரும் ஒலிம்பஸ் டிஜி வச்சிருக்காங்க. அதுல எந்த மோடு, எப்படி?

நீர்புகாச் சிறு கேமராக்களான டிஜி-5, டிஜி-6, டிஜி-7 மூன்றுக்கும் இங்கே சொல்வது பொருந்தும். இவற்றைக் குட்டைக்காரர்கள் விரும்பக் காரணம் ஒன்றுதான். மைக்ரோஸ்கோப் மோடில் லென்ஸிலிருந்து 1 செ.மீ. தூரத்தில் ஃபோகஸ் ஆகும், ஜூம் செய்தாலும் அந்த நெருக்கம் போகாது. 15 மீட்டர் ஆழம் வரை தாங்கும் என்பதால் குட்டை அதற்கு ஒரு பொருட்டல்ல.

டயலை மைக்ரோஸ்கோப் படத்துக்குத் திருப்புங்கள். ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டால் கேமரா 1600க்கு ஓடும், குட்டி சென்சாரில் நிறம் மணலாகிவிடும். 200 முதல் 400க்குள் பூட்டுங்கள். ஃபோகஸ் புள்ளியை நடுவில் ஒற்றைப் புள்ளியாக வையுங்கள். படத்தை ரா கோப்பாகவும் (கேமரா பதப்படுத்தாத மூலப் பதிவு) சேமியுங்கள், ஏன் என்பது நிறம் பற்றிய கேள்வியில் வரும். பிறகு கேமராவை மெதுவாக நீரில் இறக்கி, லென்ஸ் கண்ணாடியை விரலால் ஒருமுறை தடவுங்கள். அங்கே ஒட்டும் காற்றுக்குமிழிதான் மங்கலான படங்களில் பாதிக்குக் காரணம்.

அரை அழுத்தி ஃபோகஸ் பூட்டிய பிறகு கேமராவை ஒரு மில்லிமீட்டர் முன்னும் பின்னும் அசைத்து, அசையும்போதே ஐந்தாறு கிளிக் செய்யுங்கள். ஒன்றாவது உணர்கொம்பில் கூர்மையாக விழும். கேமராவை வைத்திருக்கும் கையின் சுண்டுவிரலை வெறும் பாறையில் ஊன்றினால் நடுக்கம் போகும். 12 டிகிரி நீரில் இருபது நிமிடத்துக்குப் பிறகு விரல் மரத்துவிடும். மெல்லிய நியோபிரீன் கையுறை அந்த நேரத்தை இரட்டிப்பாக்கும்.

வெளிச்சத்துக்கு இரண்டு துணைக்கருவிகள் உண்டு. எல்ஜி-1, கேமராவின் எல்இடியை லென்ஸைச் சுற்றி வளையமாகப் பரப்புவது. எஃப்டி-1, ஃபிளாஷைப் பரப்புவது. எல்இடி வலுவில்லாதது, ஆனால் பார்த்துக்கொண்டே எடுக்கலாம். ஃபிளாஷ் அசைவை உறைய வைக்கும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எஃப்டி-1. துணைக்கருவியே இல்லாமல் உள்ளமைந்த ஃபிளாஷைப் போட்டால், இந்த நெருக்கத்தில் லென்ஸ் குழலின் நிழல் படத்தின் ஒரு மூலையைக் கறுப்பாக்கிவிடும்.

தண்ணிக்கு மேல இருந்து எடுத்தா நத்தைக்குப் பதில் வானம்தான் வருது!

குட்டைப் படத்தைக் கெடுப்பதில் கேமராவுக்குப் பங்கு குறைவு, நீர்ப்பரப்புக்குத்தான் அதிகம். மூன்று வழி உண்டு.

முதலாவது, வானத்தை மறைப்பது. கறுப்புக் குடை ஒன்றைக் குட்டைக்கு மேல் பிடித்தால் பிரதிபலிப்பு போய் அடி தெளியும். வெள்ளையோ வண்ணமோ உள்ள குடை தன் நிறத்தையே நீரில் காட்டும், வேண்டாம். கறுப்புத் துணியும் ஆகும், ஆனால் காற்றடிக்கும் கரையில் குடையே சிரமம். இரண்டாவது, போலரைசர். நீரிலிருந்து தெறிக்கும் வெளிச்சம் செங்குத்துக் கோட்டிலிருந்து 53 டிகிரி சாய்ந்த கோணத்தில்தான் முழுமையாக ஒருதிசைப்படும். அந்தச் சாய்வில் பார்த்து வளையத்தைச் சுழற்றினால் பளபளப்பு மாயமாகும். நேர் மேலிருந்து பார்த்தால் போலரைசர் போட்டும் போடாததும் ஒன்று. ‘ஃபில்டர் வேலை செய்யல’ என்ற புகாரில் பெரும்பகுதி இதுதான். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தையும் அது விழுங்கும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்).

மூன்றாவது, நீர்ப்பரப்பையே தட்டையாக்குவது. அடி தட்டையான, கீறலில்லாத, ஒளிபுகும் அக்ரிலிக் டப்பா ஒன்றை நீரில் ஒரு செ.மீ. அழுத்திப் பிடியுங்கள். நேராக இறக்கினால் அடியில் காற்று மாட்டும், சாய்த்து ஒரு ஓரமாக இறக்குங்கள். அலைவு போய்விடும். லென்ஸில் ரப்பர் ஹூட் மாட்டி டப்பாவின் அடியில் ஒட்ட வைத்தால் பிரதிபலிப்பும் போய்விடும். நீர்புகாக் கேமரா இல்லாதவர்களுக்கு இதுதான் எங்கள் முதல் சிபாரிசு. காசும் மிச்சம்.

என்கிட்ட மேக்ரோ லென்ஸ் இருக்கு. என்ன செட்டிங் வைக்கட்டும்?

100 மி.மீ. மேக்ரோ, முழுச்சட்டக சென்சார் என்று வைத்துக்கொள்வோம். எஃப்/11, 1/200, ஐஎஸ்ஓ 200 முதல் 400, கேமராவிலிருந்து பிரித்த ஃபிளாஷ். கேமரா செங்குத்தாகக் கீழே பார்க்கும்போது ஃபிளாஷை 45 டிகிரி சாய்வில் பக்கத்திலிருந்து போடுங்கள். நீரில் தெறிக்கும் வெளிச்சம் எதிர்ப்பக்கம் போய்விடும், லென்ஸுக்குள் வராது. ஃபிளாஷ் முகத்தில் ஒரு பரப்பி கட்டாயம், ஈரத்தோல் சின்ன வெளிச்சத்தைக் கூர்மையான வெள்ளைப் பொட்டாகக் காட்டும். ஃபிளாஷ் இல்லையென்றால் மேகமூட்டமான நாளில் 1/250, ஐஎஸ்ஓ 800 முதல் 1600.

ஆழக் கூர்மையின் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்றுக்கு ஒன்று அளவில் (நத்தை சென்சாரில் தன் உண்மை அளவிலேயே விழும்போது), எஃப்/11ல், கூர்மையாக இருக்கும் தடிமன் 1.3 மி.மீ. அளவுதான். ஒன்றுக்குப் பாதி அளவில் அது 4 மி.மீ. ஆகிறது. அதனால் சட்டகத்தை நிரப்பும் ஆசையை விட்டுச் சற்று விலகி எடுத்து, பிறகு வெட்டிக்கொள்வது புத்திசாலித்தனம். எஃப்/22க்குப் போனால் ஆழம் கூடும், ஆனால் ஒளியின் விளிம்பு விளைவால் (டிஃப்ராக்‌ஷன்) படம் முழுவதுமே மென்மையாகிவிடும்.

எந்த இடத்துல ஃபோகஸ் வைக்கணும்? கண்ணே இல்லையே

உணர்கொம்பு. கண்கள் தோலுக்கடியில் வெறும் புள்ளிகள், அவற்றால் பயனில்லை. உணர்கொம்பின் மடிப்புகள் கூர்மையாக விழுந்தால் மற்றது மங்கினாலும் படம் நிற்கும். மேலிருந்து அடையாளப் படம் ஒன்றை எடுத்துவிட்டு, கேமராவை நத்தையின் தலை மட்டத்துக்கு இறக்குங்கள். பக்கவாட்டுக் கோணத்தில் நத்தையின் உடல் நீளம் சென்சாருக்கு இணையாக இருந்தால் மேலே சொன்ன 1.3 மி.மீ.க்குள் நிறையப் பிடிக்கலாம்.

டோரிடின் மேல் நிழல் திடீரென விழுந்தாலோ அதைத் தொட்டாலோ உணர்கொம்பையும் செவுளையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். மீண்டும் விரிய ஓரிரு நிமிடம் ஆகும். காத்திருங்கள், குத்திப் பார்க்காதீர்கள். ஹெர்மிசெண்டா மாதிரி ஏயோலிட்களுக்கு அந்தக் கூச்சமில்லை, மாறாக ஓடிக்கொண்டே இருக்கும். அவற்றின் பாதைக்கு முன்னால் ஃபோகஸ் வைத்து, வரும்வரை இருங்கள்.

படம் முழுக்க வெள்ளை வெள்ளையா புள்ளி. லென்ஸ்ல கோளாறா?

நீரில் மிதக்கும் தூசியில் ஃபிளாஷ் பட்டுத் தெறிக்கிறது. கிளறியது பெரும்பாலும் உங்கள் பூட்ஸ்தான். குட்டைக்குள் கால் வைக்காமல் ஓரத்திலிருந்து எடுங்கள். கை விட்டால் இரண்டு நிமிடம் படிய விடுங்கள். ஃபிளாஷ் லென்ஸின் பக்கத்திலிருந்து வராமல் ஓரத்திலிருந்து வரட்டும், லென்ஸுக்கும் நத்தைக்கும் இடையிலுள்ள நீர் இருட்டாக இருக்க வேண்டும். நெருங்கினால் இடையிலுள்ள நீர் குறையும், புள்ளியும் குறையும். வசந்தத்தில் மிதவை நுண்ணுயிர்கள் பெருகி நீர் பச்சையாகக் கலங்கும் நாட்களில் எதுவும் செய்ய முடியாது. அன்று டப்பாவை மூட்டை கட்டிவிட்டுத் தேடுவதற்கு மட்டும் போங்கள்.

ஹாப்கின்ஸ் ரோஸ் எடுத்தா வெறும் பிங்க் குழம்பா வருது, ஒரு கோடுகூடத் தெரியல

சிவப்பு வழித்தடம் நிரம்பி வழிந்துவிட்டது. கேமராவின் பொது ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) நன்றாகவே இருக்கும், அதை நம்பி ஏமாறுவீர்கள். மெனுவில் மூன்று நிறத்துக்கும் தனித்தனி ஹிஸ்டோகிராமைக் காட்டும் வசதி இருந்தால் அதைப் போடுங்கள். சிவப்புக் கோடு வலது சுவரில் முட்டினால் வெளிச்சத்தை 0.7 முதல் 1 ஸ்டாப் குறையுங்கள். ஜேபெக்கில் ‘விவிட்’ மாதிரி நிற அமைப்பு இருந்தால் அணைத்துவிடுங்கள், ஏற்கெனவே கொழுந்துவிடும் நிறத்தில் அது எண்ணெய் ஊற்றும். ரா கோப்பில் சிவப்பின் செறிவை மட்டும் இறக்கினால் கூந்தல் இழைகள் திரும்ப வரும்.

இன்னொரு சிக்கல் ஆட்டோ வெள்ளைச் சமநிலை. சட்டகம் முழுக்க இளஞ்சிவப்பு நிறைந்தால் கேமரா அதைத் தவறென்று எண்ணிப் பச்சைப் பக்கம் இழுக்கும். ஃபிளாஷோடு எடுக்கும்போது 5500 கெல்வினில் நிறுத்துங்கள். ஆழ்கடலில் சிவப்பு மறைவதைப் பற்றிப் படித்துவிட்டுச் சிவப்பு ஃபில்டர் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். இருபது செ.மீ. நீரில் சிவப்பு எங்கும் போவதில்லை. வாங்க வேண்டாம்.

வெள்ளை நத்தைகளுக்கு இதன் எதிர்ப்பிரச்சினை. கருத்த பாறையைப் பார்த்துக் கேமரா வெளிச்சத்தைக் கூட்டும், வெள்ளை வெந்துவிடும். அங்கேயும் 1 ஸ்டாப் இறக்குங்கள். ஆரஞ்சுப் புள்ளி போட்ட வெள்ளைக் கடல் கோமாளியான ட்ரையோஃபாவில் புள்ளிகள் வெளிறினால் காரணம் இதுதான்.

வெளிய வழவழன்னு கிடக்கு. கிண்ணத்துல போட்டு எடுத்துட்டுத் திரும்ப விட்டா என்ன தப்பு?

முதலில், காப்பகத்தில் அது விதிமீறல். விதி இல்லாத இடத்திலும் வேண்டாம். பாதத்தால் பாறையைப் பற்றியிருப்பதைப் பிய்த்தால் தோல் கிழியும். ஏயோலிட்கள் செராட்டாவை உதிர்த்துவிடும், நீங்கள் எடுக்க வந்ததே அதைத்தான். வேறு குட்டையில் விட்டால் அதன் இரை அங்கே இல்லாமல் போகலாம். போதாக்குறைக்கு, வெள்ளைக் கிண்ணத்தில் கிடக்கும் நத்தைப் படத்தைப் பார்த்தால் ஆய்வகப் பதிவு மாதிரிதான் இருக்கும்.

வற்றத்தில் வெளியே மாட்டிய டோரிட் நிழலும் ஈரமும் இருந்தால் கடல் திரும்பும்வரை தாங்கும். கையால் கொஞ்சம் கடல்நீரை மெதுவாக அதன் மேல் ஊற்றினால் போதும். கல்லைப் புரட்டுவதைப் பற்றியும் இதே கேள்வி வரும். இரண்டு கைக்கு அடங்காத கல்லைத் தொட வேண்டாம். சிறியதைத் தூக்கினால், பார்த்த பிறகு முன்பு இருந்த அதே பக்கம் கீழாக, அதே குழியில், மெல்ல வையுங்கள். தலைகீழாக விட்டால் அடிப்பக்க உயிர்கள் வெயிலில் சாகும், மேற்பக்கப் பாசி நசுங்கி அழுகும். கையில் சன்ஸ்கிரீனோ கொசு மருந்தோ இருந்தால் குட்டைக்குள் விடாதீர்கள்.

ஃபோகஸ் ஸ்டாக்கிங் குட்டையில வேலை செய்யுமா?

டோரிட் சாப்பிடும்போது, நீர் அசையாதபோது, கேமராவைப் பாறையில் ஊன்றும்போது செய்யும். டிஜியிலேயே பல படங்களை எடுத்து ஒன்றாக இணைக்கும் வசதி உண்டு. ஆனால் செராட்டா நீரோட்டத்தில் ஆடும். இணைத்தபின் ஒவ்வொரு விரலுக்கும் இரட்டை விளிம்பு தெரியும். ஏயோலிடுக்கு முயல வேண்டாம் என்பதுதான் எங்கள் கருத்து.

வீட்டுக்கு வந்து பார்த்தா லென்ஸுக்குள்ள பனி. கேமரா போச்சா?

பனி மட்டும் என்றால் பெரும்பாலும் போகவில்லை. சூடான காரிலிருந்து 12 டிகிரி நீருக்குள் போனபோது உள்ளே இருந்த ஈரக்காற்று கண்ணாடியில் படிந்தது. முந்தின இரவே குளிர்ந்த, உலர்ந்த அறையில் பேட்டரிக் கதவைத் திறந்துவைத்து, பிறகு மூடிக் கொண்டுபோங்கள். காரில் சூடாக விடாதீர்கள்.

நீர்த்துளியே உள்ளே இருந்தால் அது ரப்பர் வளையக் கோளாறு. ஒரு தலைமுடியோ மணலோ போதும். மூடுமுன் வளையத்தையும் அது அமரும் பள்ளத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள், பூட்டு இரண்டும் விழுந்ததா என்று பாருங்கள். கடற்கரையில் கதவைத் திறக்கவே வேண்டாம், பேட்டரியையும் கார்டையும் வீட்டிலேயே தயார் செய்துகொள்ளுங்கள். திரும்பியதும் கதவு மூடியபடியே நன்னீரில் பத்து நிமிடத்துக்கு மேல் ஊற வைத்து, பட்டன்களை அழுத்திவிட்டு, துடைத்து, முழுதும் காய்ந்த பிறகு திறங்கள்.

ரெண்டு மஞ்சள் நத்தை, ரெண்டும் ஒரே மாதிரி. பேர் எப்படிக் கண்டுபிடிப்பது?

பெயருக்கு வேண்டியது அழகான படமல்ல, சரியான பாகங்கள். மேலிருந்து முழு உடல், உணர்கொம்பு, டோரிட் என்றால் செவுள், ஏயோலிட் என்றால் செராட்டா, ஒட்டியிருந்த இரை. நான்கு படம். அளவுக்குப் பக்கத்தில் ஏதாவது தெரிந்தால் நல்லது, நத்தையின் மேல் எதையும் வைக்காமல்.

மஞ்சள் கடல் எலுமிச்சை இரண்டில், செவுள் வெள்ளையாகவும் கரும்புள்ளிகள் முதுகின் சிறு முடிச்சுகளுக்கு இடையில் மட்டுமாகவும் இருந்தால் பெல்டோடோரிஸ் நோபிலிஸ். செவுள் உடலைப் போலவே மஞ்சளாகவும் கருமை முடிச்சுகளின் நுனிக்கும் ஏறியும் இருந்தால் டோரிஸ் மான்டேரியென்சிஸ். அதனால்தான் செவுள் சுருங்கிய படத்துக்கு யாரும் பெயர் சொல்ல மாட்டார்கள்.

ஹெர்மிசெண்டாவிலும் இதே தலைவலி. ஒரே இனம் என்று நெடுங்காலம் எண்ணப்பட்டதை 2016ல் மூன்றாகப் பிரித்தார்கள். இந்தக் கரையில் இரண்டு. செராட்டாவில் வெள்ளைக் கோடு ஓடினால் வடக்கத்திய கிராசிகார்னிஸ், கோடில்லாவிட்டால் தெற்கத்திய ஓபலெசென்ஸ். வட கலிஃபோர்னியாவில் இரண்டும் கலந்து கிடைக்கும், பழைய கையேடுகளில் எல்லாமே கிராசிகார்னிஸ் என்றுதான் இருக்கும். உயிரினப் படங்களைப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றும்போது தேதியும் இடமும் சரியாக இருக்கட்டும். கேமராவின் கடிகாரத்தைக் கோடைநேரத்துக்கு மாற்றாமல் விட்டால் வற்ற நேரத்தோடு பொருந்தாது, பார்ப்பவர் குழம்புவார்.

போன தடவை அம்பது பார்த்தேன், இப்ப அதே குட்டையில ஒண்ணுமில்ல. யாராவது அள்ளிட்டுப் போயிட்டாங்களா?

அப்படி இருக்கத் தேவையில்லை. இவற்றில் பெரும்பாலானவை ஓராண்டுக்குள் பிறந்து, வளர்ந்து, முட்டையிட்டுச் செத்துவிடும். குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து எங்கே இரை கிடைக்கிறதோ அங்கே இறங்கும். நீரோட்டமும் வெப்பமும் மாறினால் கூட்டமும் இடம் மாறும். 2015ன் தொடக்கத்தில் கடல் வழக்கத்தை விடச் சூடாக இருந்தபோது, பொதுவாகத் தெற்கே வாழும் ஹாப்கின்ஸ் ரோஸ் சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கிலும் குவிந்தது, சதுர மீட்டருக்கு டஜன் கணக்கில். அது எப்போதும் நடப்பதில்லை. தின்பவர்களும் உண்டு: ஃபிடியானா ஹில்டோனி என்ற ஏயோலிட் மற்ற நுடிபிராங்குகளையே வேட்டையாடும், 1970களின் பிற்பகுதிக்குப் பின் அது வடக்கே பரவிவருகிறது. உங்கள் குட்டையில் அது கிடைத்தால் படமெடுத்துத் தேதியோடு பதிவிடுங்கள்.

நத்தை கிடைக்கல, முட்டை மட்டும் இருக்கு. அதை வச்சு யாருதுன்னு சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். தட்டையான நாடா சுருண்டு ரோஜா மாதிரி நின்றால் டோரிட். மெல்லிய நூல் நெளிந்து சுருண்டிருந்தால் பெரும்பாலும் ஏயோலிட். ஹெர்மிசெண்டாவின் நூல் குட்டிக் குட்டித் துண்டுகள் கோத்தது போலத் தெரியும், வெள்ளையிலிருந்து இளஞ்சிவப்பு வரை. நாடா அடர் இளஞ்சிவப்பாக இருந்து பக்கத்தில் ரோஜாநிறப் பிரையோசோவா இருந்தால் ஹாப்கின்ஸ் ரோஸ் என்று துணிந்து சொல்லலாம். சிவப்புப் பஞ்சின் மேல் சிவப்பு நாடா ரோஸ்டாங்கா. மஞ்சள் நாடா மட்டும் கிடந்தால், முன்பு சொன்ன இரண்டு கடல் எலுமிச்சைகளில் எது என்று முட்டையை வைத்து முடிவு செய்யாதீர்கள், பேரினம் தெரியாமலேயே பதிவிடுங்கள். நத்தை அரை மீட்டருக்குள் இருக்க வாய்ப்பு அதிகம். பாசியை விலக்கிப் பார்க்குமுன் மேலே தொங்கும் பாறையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள்.